பெரட்டு சார் பெரட்டைக் கலைத்த நாள்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். கம்பியூட்டர் மொழியைப் பற்றி எழுத வந்ததற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இலங்கை மலையகத்து அட்டனில் ஒரு சின்னக் கம்பியூட்டர் கம்பெனியில் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணீர் போடுவதுதான் என் வேலை. கூச்சத்தை ஒதுக்கிவிட்டுச் சொல்கிறேன்: எங்கள் கிளைப் பொறுப்பாளர் பெரட்டு சாரைப் போன்ற ஒரு மனிதரை இந்த மலையும் கண்டதில்லை, எந்தக் கம்பியூட்டரும் கண்டதில்லை.

தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அந்தப் பெரட்டை அவர் எங்கள் அறைக்குள்ளேயே நடத்தினார். புரோகிராம் எழுதும் கலாவும் சுமதியும் நானும் வரிசையில் நிற்போம். ஆட்கள் முடிந்ததும் பிரிண்டரைக் கூப்பிடுவார். நான் அதைத் தட்டிப் பார்த்து, "இன்னிக்கும் முடியலைங்க சார்" என்பேன்.

"பிரிண்டருக்குச் சொகமில்ல. லீவு!"

தேத்தண்ணீரும் அப்படித்தான். கேத்தலை வைக்குமுன் எத்தனை கோப்பை, என்ன அளவு, எவ்வளவு சீனி என்று எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் எதிர்பாராமல் விருந்தாளி ஒருவர் வந்துவிட்டார். "பெரட்டுல பேர் இல்லையே" என்று சார் கவலைப்பட்டார். பிறகு தன் கோப்பையை அவரிடம் நீட்டிவிட்டு, தண்ணீர் குடித்தார்.

இந்தப் பழக்கம் அவருக்குக் கோபோல் என்ற பழைய மொழியால் வந்தது. எங்கள் கம்பெனி பார்க்கும் பல தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து நிறுக்கும் கணக்கு அதில்தான் ஓடுகிறது. அந்த மொழியில் வேலை தொடங்குமுன், வரப்போகும் ஒவ்வொன்றின் பெயரையும் அது பிடிக்கும் இடத்தையும் மேலே எழுதிவிட வேண்டுமாம். பிறகு ஒரு சின்னக் கூட்டலுக்குக்கூட ஒரு கடிதம் அளவுக்கு எழுத வேண்டும்.

"ஒரு கணக்கை மாத்த அரை நாள் போகுதுங்க சார்," என்பாள் கலா.

"போகட்டும் புள்ள. கணக்கு எங்க ஓடிறப் போகுது?"

கணக்கு ஓடவில்லை, கம்பெனிதான் ஓடப் பார்த்தது. வேலை இவ்வளவு மெதுவாக நடந்தால் அட்டன் கிளையை மூடிவிட்டு எல்லாவற்றையும் கொழும்புக்குக் கொண்டுபோவதாக முதலாளி சொல்லிவிட்டார். கலாவின் குழந்தைக்கு ஒரு வயது. அவளால் கொழும்புக்குப் போக முடியாது. அன்று அவள் வரிசையில் நின்றே அழுதுவிட்டாள்.

சார் வேலையில் இறங்கினார். கலாவும் சுமதியும் புது முறையில் சுருக்கமாக எழுதினால் போதும், அதைப் பழைய மொழியாக மாற்றி உள்ளே அனுப்பும் ஒரு புரோகிராமைச் செய்தார். நீட்டி முழக்கும் வரிகளையெல்லாம் வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் பல் பிடுங்குவது போல முகத்தைச் சுளித்தார்.

"சார், மேல பேர் எழுதுறதும் வேணாங்க. தேவைப்படுறப்ப கூப்பிட்டுக்கிறோம்," என்றாள் கலா.

சார் தலையாட்டினார்.

முதலாளி சோதனை பார்க்க இரண்டு பேரோடு வந்தார். மழை நாளில் ஈரக் கொழுந்துக்கு எடை கழிக்கும் முறையை மாற்றிக் காட்டச் சொன்னார். நான் தேத்தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் கலா எழுதி முடித்துவிட்டாள். பட்டனைத் தட்டினாள். திரையில் தமிழில் ஒரு வரி வந்தது:

"பெரட்டுக்கு வராத ஆளுக்கு இன்னிக்கு வேலை இல்லை."

"இது என்ன?" என்றார் முதலாளி. சுமதி சிரிப்பை அடக்கத் துப்பட்டாவைக் கடித்தாள். கலா சாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேல பேர் இருக்கான்னு பாக்குறத மட்டும் எடுக்க மனசு வரலைங்க," என்றார் சார், திருடிப் பிடிபட்டவர் போல.

"சார்… எம்புள்ளய நெனச்சுப் பாருங்க," என்றாள் கலா.

சார் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். அந்தப் பகுதி முழுவதையும் அழித்தார். கடைசியில் ஏதோ எழுதிக்கொண்டே, "இனி யாரு வந்தாலும் நீயே பேரப் பதிஞ்சுக்கடா" என்று கம்பியூட்டரிடம் முணுமுணுத்தார். கலா திரும்பத் தட்டினாள். எடை சரியாகக் கழிந்து நின்றது.

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்ன முதலாளி, "கிளை இங்கேயே இருக்கட்டும்," என்றார். கலா எழுந்து நின்று கும்பிட்டாள். சார் மூக்குக் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.

மறுநாள் தடிமன், தும்மல் என்று சார் வரவில்லை. முதலாளி கூட்டி வந்த இரண்டு பேரும் வேலை பழக நின்றுவிட்டதால் கதிரை போதவில்லை. சுமதி ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வேலை செய்தாள். பெரட்டுக்கு வராத ஆளென்றாலும் சாருடைய கதிரையை யாரும் இழுக்கவில்லை.