ஜட்கா அண்ணனும் ரெண்டு அட்டையும்

இந்த உலகத்துல வேலைல கவனமா இருந்த மனுசன் மொத்தமே ஒருத்தருதான். அவரு ராமேஸ்வரத்துல, நான் வேலை பாக்குற செல்போன் கடைல இருந்தாரு. மத்தவக எல்லாம் மொதலாளி வர்ற சத்தம் கேட்டா குனிஞ்சுக்கிற ஆளுக. என்னையவும் சேத்துத்தான் சொல்றேன்.

அவரு நெசப் பேரு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வந்த புதுசுல கேட்டேன். "வேலை நேரத்துல பேரு எதுக்குடா?"ன்னுட்டாரு. ஜட்காங்கிறது நாங்க வச்ச பேரு. வண்டிக் குதிரைக்கு ரெண்டு கண்ணுக்கும் ஓரத்துல தோலு வச்சு மறைப்பாகல்ல, அக்கம்பக்கம் பாத்து மெரளக் கூடாதுன்னு. இவரு போன் டப்பாவக் கிழிச்சு ரெண்டு அட்டை வெட்டி, மூக்குக் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. ஒரு பக்கம் தெரு, ஒரு பக்கம் நான், முன்னால செவுரு. தெருவும் தெரியக் கூடாது, நானும் தெரியக் கூடாது. செவுரு மேல மட்டும் அவருக்கு ஒரு புகாரும் கெடையாது.

இந்த ஊர்ல செல்போன் கடை வச்சவன் யாரும் கெட்டுப் போனதில்ல. கடலு இருக்கு, கும்பிட வர்ற சனம் இருக்கு, அவுக இடுப்புல போன் இருக்கு. அக்கினி தீர்த்தத்துல பயபக்தியா முங்கி எந்திரிக்கும்போதுதான் போன் ஞாபகம் வரும். சொட்டச் சொட்ட நேரா எங்க கடைக்கு வருவாக. ஒரு பெரியவரு, நனஞ்ச போன அரிசிக்குள்ள வச்சா சரியாப் போகும்னு யாரோ சொல்லக் கேட்டு, லாட்ஜுல அரிசிக்கு எங்க போறதுன்னு, தர்ப்பணத்துக்கு வாங்குன எள்ளுக்குள்ள பொதச்சுக் கொண்டாந்துட்டாரு. சார்ஜர் ஓட்டை, ஸ்பீக்கர் ஓட்டை, எங்க பாத்தாலும் எள்ளு.

ஜட்கா அத ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே, திரும்பாமச் சொன்னாரு: "ஏலே, இந்தப் போனுக்குத் திதி குடுத்து முடிச்சுட்டுத்தான் கொண்டாந்திருக்காக. நாளைக்கு வரச்சொல்லு."

யாரு வந்தாலும் அதான். 'நாளைக்கு வரச்சொல்லு.' மொதலாளி சம்சாரம் போனக் கொண்டாந்தப்பவும் அதேதான். அந்தம்மா மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே! பாக்கத்தான் அவருக்குக் குடுத்து வைக்கல.

உப்புத் தண்ணி குடிச்ச போனுக்குள்ள போர்டு வேலை லேசு கெடையாதுங்க. தலைமுடி கனத்துக் கம்பிய வச்சு ஒட்டணும். தும்முனா போச்சு. எனக்கு அதெல்லாம் தோதுப்படாது. நான் பத்தாவதுல ரெண்டு பாடம் பெயிலாகிட்டு ஆர்.எஸ்.மங்கலத்துல இருந்து பஸ் ஏறி வந்தவன். போன் மூஞ்சில கீறாம இருக்க டெம்பர் கண்ணாடி ஒட்டுறதுதான் எனக்கு வேலை. ஒட்டும்போது தெருவுல யாராச்சும் போவாக, பாப்பேன். கண்ணாடிக்குள்ள காத்துக் குமிழி வந்துரும். நான் ஒட்டுன போன எங்க பாத்தாலும் அடையாளம் சொல்லலாம், அம்மை வாத்த மூஞ்சி மாதிரி இருக்கும்.

அப்பிடிப்பட்டவனுக்குப் பக்கத்துல நாள் முழுக்கப் பேசாத ஒரு ஆளக் கொண்டாந்து வச்சா, அவன் என்னதான் செய்வான்? நானும் எதுத்தாப்புல சங்குக் கடை வச்சிருக்க பாண்டியும் பந்தயம் கட்டுனோம். வேலை நேரத்துல ஜட்காவ யாரு திரும்ப வைக்கிறாகளோ, அவுகளுக்குப் பொரிச்ச பரோட்டா.

மொதல்ல பாண்டி வந்தான். கடைல இருக்கதுலயே பெரிய சங்கா எடுத்து, அண்ணன் காதுகிட்ட வச்சு, கன்னம் ரெண்டும் உப்ப ஊதுனான். தெருவுல போன வடக்கத்திக்காரக ரெண்டு பேரு கையெடுத்துக் கும்பிட்டாக. ஜட்கா கை நடுங்கக் கூட இல்ல.

"பாண்டி, ஒனக்கு மூச்சு பத்தல. பீடிய நிப்பாட்டு."

அடுத்து நான். தெருவுல இருந்து ஓடியாந்து கத்துனேன்: "அண்ணே! கடலு உள்வாங்குதாம்ணே! ஓடுங்கண்ணே!"

"வெளிய வந்தாச் சொல்லு."

கடைசில மாடு வந்துச்சு. நாங்க கூப்பிடல, அதுவா வந்துச்சு. எங்க தெரு மாடுகளுக்கு எந்தக் கடைன்னு பாகுபாடெல்லாம் கெடையாது. உள்ள வந்து, ஜட்கா பிடரிகிட்ட மூக்க வச்சு, புஸ்ஸு புஸ்ஸுன்னு விட்டுச்சு. நானும் பாண்டியும் வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறோம்.

"ஏலே தம்பி, மேல வந்து மூச்சு விடாத. தள்ளி நில்லு."

மாடு தள்ளல. அவரு சட்டைக் காலர நக்குச்சு.

"பாசமெல்லாம் டீ நேரத்துல வச்சுக்கடா"ன்னாரு.

அன்னைக்கு மாட்டுக்குத்தான் பரோட்டா வாங்கிக் குடுத்தோம்.

இன்னொரு பழக்கமும் உண்டு அவருக்கு. செத்த போனு உசுரு வந்து வெளிச்சம் வரும் பாருங்க, அப்ப எந்த மெக்கானிக்கும் ஒரு தடவை ஆசையாப் பாப்பான். இவரு பட்டுனு குப்புறக் கவுத்திருவாரு. கவுத்தாப்புலயேதான் என்கிட்ட நீட்டுவாரு. "என்னண்ணே, பெத்த பிள்ளையக் குப்புறப் போட்டுக் குடுக்குறீக?"ன்னு கிண்டலடிப்பேன். அப்பறமாத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. யாரு போனத் தெறந்தாலும் மொதல்ல ஒரு பிள்ளை படம்தான் இருக்கும்.

டீ நேரத்துல அட்டையக் கழட்டுவாரு. ஆனா கண்ண டீ கிளாசுக்குள்ள விட்டுருவாரு. அப்பிடி ஒரு நாளு நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காமக் கேட்டேன்: "ஏண்ணே, ஒங்க ஊரு கமுதில ஒங்களுக்கு யாருமே இல்லையா?"

"வீட்டுக்காரி போய்ச் சேந்துட்டா. மக ஒருத்தி, திருப்பூர்ல."

"கட்டிக் குடுத்துட்டீகளா?"

"அவளாக் கட்டிக்கிட்டா. சொல்லாமல்லாம் போகல. கமுதில என் கடைக்கு வந்து, பின்னால நின்னு, 'அய்யா, ஒரு விசயம் பேசணும்'னா. நான் ஒரு போர்டுல கம்பி ஒட்டிக்கிட்டு இருந்தேன். திரும்பாம, 'நாளைக்குப் பேசுவோம்த்தா'ன்னேன்." டீய ஒரு மொடக்கு குடிச்சாரு. "மறுநாளு திரும்பிப் பாத்தேன். ஆளு இல்ல."

எனக்குச் சிரிக்கிறதா என்னன்னு தெரியல. எதுக்கும் இருக்கட்டும்னு சிரிச்சு வச்சேன்.

கார்த்திகை மாசம் பொயல் சின்னம்னு சொல்லி ஊரே அடங்கிக் கெடக்கும். பாம்பன்ல பொயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்திருவாக. யாத்திரைக்காரக வர மாட்டாக, படகு எறங்காது. பாண்டி கடையச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிருவான். தெருவுல மணலும் காத்தும் மட்டும்தான் நடமாடும். மாடு கூட எங்கிட்டோ ஒதுங்கிரும். ஒரு போனும் வராது. அந்த வருசம் அப்பவும் ஜட்கா அட்டைய மாட்டிக்கிட்டு, வெறும் மேசையப் பாத்து உக்காந்திருந்தாரு. எனக்கு வேற போக்கிடம் இல்ல. ரூமுக்குப் போனா அங்கனயும் நான் ஒருத்தன்தான்.

"யாருமே இல்லாத தெருவுக்கு எதுக்குண்ணே மறைப்பு?"

"யாரும் இல்லாததுக்கும் சேத்துத்தான்டா"ன்னாரு.

மழை பேஞ்சுச்சு.

தை பெறந்து கூட்டம் வர ஆரம்பிச்சிருச்சு. ஒரு நாளு மத்தியானம் ஒரு அக்கா கைல சின்னப் பிள்ளையப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னுச்சு. போன நீட்டுச்சு. "தண்ணில விழுந்துருச்சு."

வாங்கிப் பாத்தேன். தண்ணியாவது! சுண்டுனா தூசி பறக்குது. அமுக்குனேன், நல்லா எரியுது. "ஏங்கக்கா, இது கடலுப் பக்கமே போன மாதிரி தெரியலயே?"

அது என்னையப் பாக்கல. அண்ணன் முதுகையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. "இங்கன இருக்காகன்னு எங்க ஊர்க்காரக சொன்னாக"ன்னுச்சு மெதுவா. "அவுககிட்டக் குடுங்க."

எனக்கு அப்பத்தான் மண்டைல ஏறுச்சு. அதே மூக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு.

போன மேசைல வச்சேன். ஜட்கா எடுத்து அமுக்குனாரு. படம் வந்துச்சு. இந்தச் சின்னப் பிள்ளை பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற படம், பக்கத்துல இந்த அக்கா.

குப்புறக் கவுப்பாருன்னு பாத்தேன். கவுக்கல.

வெளிச்சம் மங்குச்சு. வெரல வச்சுத் தொட்டாரு. மறுபடி எரிஞ்சுச்சு. திரும்ப மங்குச்சு. திரும்பத் தொட்டாரு. இன்னொரு கைல ஹீட்டர் கன்னு யாரு போன் மேலயோ அனலு ஊதிக்கிட்டு இருக்கு, அத அவரு கவனிக்கல. ஜட்கா ஒரு வேலையக் கவனிக்காம விட்டத அன்னைக்குத்தான் பாக்குறேன்.

"அண்ணே"ன்னேன். "திரும்புங்கண்ணே."

தொண்டையக் கனைச்சாரு. எத்தனை வருசப் பழக்கம், வாயி அதாச் சொல்லிருச்சு:

"நாளைக்கு... வரச்சொல்லு."

அந்த அக்கா ஒரு நிமிசம் நின்னுச்சு. "எப்பவும் நாளைக்குத்தான்"னுச்சு. முந்தானைய எடுத்து மூக்கத் தொடச்சுக்கிட்டு, போனக் கூட வாங்காம விறுவிறுன்னு படி எறங்கிருச்சு.

சங்கு ஊதியாச்சு, கடல உள்வாங்க வச்சாச்சு, மாட்ட விட்டு நக்க வச்சாச்சு. இனி எத வச்சு இந்த மனுசனத் திருப்புறது? எனக்குக் கோவம் கோவமா வருது. "யோவ், போறாகய்யா!"ன்னு கத்திட்டேன். அவரு தோளு ரெண்டும் குலுங்குது. ஆனா கழுத்து மட்டும் திரும்ப மாட்டேங்குது. பயந்தவுக கழுத்து அப்பிடித்தான் போல. திரும்பிப் பாத்து அங்கன ஆளு இல்லேன்னா?

தெருவுல இருந்து அக்கா சத்தம் கேக்குது: "பாப்பா எங்க? ஏய் பாப்பா!"

பாப்பா மேசைக்குக் கீழ இருந்துச்சு. எப்பப் பூந்துச்சோ தெரியல. அண்ணன் ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல இருந்து, மேசைக்கும் அவரு மூஞ்சிக்கும் எடைல, குபீர்னு தலைய நீட்டுச்சு. சைடுல இருந்து வந்தா அட்டை மறைக்கும். கீழ இருந்து வர்றதுக்கு என்ன மறைப்பு இருக்கு? இந்த அறிவு எனக்கும் பாண்டிக்கும் இல்லாமப் போச்சு.

அது அட்டைய இந்தப் பக்கம் பாத்துச்சு, அந்தப் பக்கம் பாத்துச்சு.

"தாத்தா, நீ குதிரையா?"

நாங்க முதுகுக்குப் பின்னால வச்ச பேர, மூஞ்சிக்கு நேராக் கேட்டது அது ஒண்ணுதான்.

"ஆமாத்தா"ன்னாரு. "குதிரைதான்."

"அப்ப என்னைய ஏத்திக்க. அம்மாகிட்டப் போ."

கைல ஊதிக்கிட்டு இருந்தத அப்பிடியே மேசைல போட்டுட்டு, பிள்ளையத் தூக்கித் தோள்ல வச்சாரு. அது பிடிமானத்துக்கு ரெண்டு அட்டையவும் சேத்துப் பிடிச்சுச்சு, கண்ணாடியோட கழண்டு வந்துருச்சு. கண்ணாடி இல்லாம, கண்ணு தெரியாம, மேசைல இடிச்சு, ஸ்டூலத் தள்ளிவிட்டு, வேலை நேரத்துல, பட்டப் பகல்ல, ஜட்கா திரும்புனாரு.

அக்கா படிகிட்ட நின்னுச்சு. "அய்யா"ன்னுச்சு.

"வாத்தா. உள்ள வா"ன்னாரு. அம்புட்டுத்தான் பேசுனாக. அப்பறம் ரெண்டு பேரும் அழுதாக. பிள்ளை மேல இருந்து "ஹை ஹை"ன்னு ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. கடைக்குள்ள பொகை. ஹீட்டர் கன்னு ஊதி ஊதி அந்த வேற ஆளு போனு கருகிப் போச்சு. அவரு கெடுத்த ஒரே போனு அதுதான். மொதலாளி வந்து கத்துனாரு. நான்தான் சமாளிச்சேன்: "மாடு வந்துருச்சு மொதலாளி."

மாசி மாசம் மக கூடவே திருப்பூர் கெளம்பிட்டாரு. போற அன்னைக்குப் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, என் முன்னால வந்து நின்னு, மூஞ்சிய நல்லா ஏற எறங்கப் பாத்தாரு.

"இதான் ஒம் மூஞ்சியாடா?"

"ஆமாண்ணே."

"நல்ல வேளை அட்டை போட்டிருந்தேன்"னுட்டு, கன்னத்துல ஒரு தட்டு தட்டிட்டுப் போனாரு.

போனு போட்டா எடுக்குறதில்ல. பேத்திதான் எடுக்குது. "குதிரை பிஸியா இருக்கு"ன்னு சொல்லி வச்சிருது.

அவரு எடத்துக்கு மொதலாளி இன்னும் ஆளு போடல. நனஞ்ச போன எல்லாம் ராமநாதபுரத்துக்கு அனுப்புறோம். நான் பழையபடி டெம்பர்தான் ஒட்டுறேன். ஆனா இப்ப நான் ஒட்டுனா ஒரு குமிழி கெடையாது, வந்து பாருங்க. மேசை டிராயர்ல அவரு விட்டுட்டுப் போன அட்டை கெடந்துச்சு. ஒட்டும்போது அதுல ஒண்ண எடுத்துக் காதோரமாச் சொருகிக்கிறேன். தெருப் பக்கம் தெறந்துதான் இருக்கு. யாரு வேணாப் போகட்டும், வரட்டும். இடது பக்கத்துக்கு மட்டும்தான் மறைப்பு. அந்தப் பக்கந்தான் அவரு ஸ்டூலு காலியாக் கெடக்கு.