பழுதே இல்லாத மண்டலம்

மனிதகுலம் முன்னேறியதெல்லாம் பெட்டி கட்டியதால்தான். இருந்த இடத்திலேயே இருந்தவன் எவனும் உருப்பட்டதாகச் செய்தி இல்லை. இந்த உண்மையை நான் பதினோரு ஆண்டுகளாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பரப்பி வருகிறேன்.

எங்கள் நிறுவனம் லிப்டுகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமாகிய ‘உயர்ந்த’ தொழிலைச் செய்வது. அதில் ‘வாய்ப்புப் பெயர்ச்சித் துறை’ என்று ஒன்று உண்டு. வாய்ப்புக் குறைந்த மண்டலத்தில் வாடும் ஊழியர்களை வாய்ப்பு மிகுந்த மண்டலத்துக்கு அனுப்பி வாழவைப்பது அதன் பணி. நான் அதன் தலைவர். பொறாமைக்காரர்கள் இதைச் சனிப்பெயர்ச்சி என்கிறார்கள்.

சென்ற ஆண்டு வடக்கு மண்டலத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மூன்று முறை சுற்றறிக்கை விட்டேன். முதல் சுற்றறிக்கையைப் படித்த நாலு பேருக்கு முதுகுவலி வந்தது. இரண்டாவதைப் படித்த இருவருக்குக் கல்யாணம் நிச்சயமானது. மூன்றாவது சுற்றவே இல்லை. அதை எடுத்துக்கொண்டு போன பியூனே மருத்துவ விடுப்பில் போய்விட்டார். இவ்வளவு பெரிய வாய்ப்பு அந்நியர் கைக்குப் போய்விடக் கூடாதே என்ற குடும்பப் பாசத்தில், என் தங்கை புருஷனை நினைத்துக்கொண்டேன்.

அவர் எங்களிடமே லிப்ட் மெக்கானிக். பதினாறு வருடமாகத் தினமும் மேலே போய்க் கீழே வருபவர். உத்தியோகத்தில் மட்டும் தரைத்தளத்திலேயே நின்றுவிட்டவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டுக்குப் போய் விளக்கக் கையேட்டை நீட்டினேன். அட்டையில் நாற்பது மாடிக் கட்டடங்கள், நடுவில் மேகங்கள்.

“எனக்கு இங்க என்ன மச்சான் குறை?” என்றார் மாப்பிள்ளை. “பத்து பில்டிங், முப்பத்திரண்டு லிப்ட். நான் சொன்ன இடத்துல நிக்குது.”

“அதான் குறை மாப்பிள்ளை. எல்லாம் நிக்குது. எதுவும் முன்னேறல.”

“லிப்ட் நின்னாத்தானே ஆள் இறங்க முடியும்?”

இந்த மாதிரிப் பிற்போக்கான கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை. ஆனால் என் தங்கை இருந்தாளே. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எதைக் கொடுத்தாலும் காலாவதித் தேதியைத் தேடுவாள். கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினாள்.

“அண்ணா, அங்க எத்தனை லிப்ட் இருக்கு?”

“வாய்ப்பு கொட்டிக் கிடக்கு.”

“லிப்ட் எத்தனைன்னு கேட்டேன்.”

“எண்ணிக்கையில அடங்காதும்மா.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. பூஜ்யத்தை எப்படி எண்ணுவது?

“பதவிப் பேரு ‘மண்டல உயர்வு அலுவலர்’,” என்றேன் மாப்பிள்ளையிடம். அவர் அதை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், விழுந்துவிட்டார். தங்கைக்கு வேலை இங்கே, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இங்கே. முதலில் அவர் மட்டும் போய்க் காலூன்றுவது என்று முடிவாயிற்று.

வழியனுப்பு விழாவில் இயக்குநர் கண்கலங்கினார். ஜலதோஷம்தான் என்றாலும் பார்க்கப் பொருத்தமாக இருந்தது.

நாலாம் நாள் போன் வந்தது.

“மச்சான், இங்க மாடியே இல்ல.”

“என்ன மாப்பிள்ளை சொல்றீங்க?”

“எல்லாம் ஓட்டு வீடும் சரக்கு வைக்கிற கிட்டங்கியும்தான். உசரமா இருக்கிறது தண்ணித் தொட்டி ஒண்ணு. அதுக்கும் ஏணிதான்.”

“பார்த்தீங்களா, போட்டியே இல்லாத இடம்! பொறுமையா இருங்க. கட்டுவாங்க.”

பொறுமையாக இருந்தார். ஓர் அறை, ஒரு மேசை, ஒரு புகார்ப் பதிவேடு, ஒரு தொலைபேசி. மாதாமாதம் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பினார்: ‘புகார்: இல்லை. பழுது: இல்லை. விபத்து: இல்லை.’ தலைமையகம் அசந்துபோயிற்று. நிறுவனத்தின் வரலாற்றிலேயே இப்படி ஒரு மண்டலம் இருந்ததில்லை. ஆறாம் மாதம் அதைப் ‘பழுதே இல்லாத மண்டலம்’ என்று அறிவித்துக் கேடயம் அனுப்பினார்கள். அதோடு நிற்காமல், இவ்வளவு திறமையான அலுவலர் சும்மா இருக்கலாமா என்று, எல்லா மண்டலங்களின் அவசரத் தொலைபேசி அழைப்புகளையும் அங்கேயே திருப்பிவிட ஆணை பிறப்பித்தார்கள். ஆணை அமலுக்கு வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள்.

இதற்கிடையில் மாப்பிள்ளை எனக்கு அடிக்கடி பேசினார். “கை மறந்துடும் போல இருக்கு மச்சான். நேத்து அலமாரிக் கதவைக் கழட்டித் திரும்ப மாட்டினேன். ரெண்டு தடவை.” வாய்ப்பு வந்தவனுக்கு இதெல்லாம் சகஜம் என்று தேற்றினேன்.

எட்டாம் மாதம் ஒரு நாள் காலை பத்தரைக்குத் தங்கை என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். என் அறை ஏழாவது மாடி. கீழேயே பிடித்துக்கொண்டாள், லிப்டில் ஏறியும் விடவில்லை.

“அவரைத் திரும்பக் கூப்பிடுங்கண்ணா. ‘அப்பா என்ன செய்கிறார்’னு பள்ளிக்கூடத்துல எழுதச் சொன்னாங்களாம். ‘உட்கார்ந்திருக்கிறார்’னு எழுதிட்டு வந்திருக்கா.”

“நிர்வாகப் பதவின்னா அப்படித்தாம்மா...”

நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றது. விளக்கு அணைந்தது. நான் அவசரப் பொத்தானை அழுத்தினேன். ஆணை அன்று காலைதான் அமலுக்கு வந்திருந்தது.

“வணக்கம்! வடக்கு மண்டலம், மண்டல உயர்வு அலுவலர் பேசுறேன்!”

“மாப்பிள்ளை, நான்தான். நம்ம ஆபீஸ் லிப்ட் நின்னுடுச்சு.”

“நிஜமாவா மச்சான்?” அந்தக் குரலில் இருந்தது கவலை என்று எழுதத்தான் ஆசை. “எந்த லிப்ட்? இருங்க, சொல்லாதீங்க. சுவரைத் தட்டுங்க.” தட்டினேன். “கிழக்குப் பக்கத்து லிப்ட்! நான் இங்க வந்ததிலேருந்து யாரும் அதைத் தொடல போல இருக்கே.”

“என்னங்க...” என்றாள் தங்கை.

மறுமுனையில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது.

“நீயும் உள்ளயா இருக்க?”

“ம்.”

அதன்பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. தன் கைப்பேசியில் வாட்ச்மேனைப் பிடித்து மேலே மெஷின் ரூமுக்கு ஓடவிட்டார். “முதல்ல மெயினை அணைங்க. நான் சொன்னதும் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால சுத்துங்க. மெதுவா. உள்ள என் வீட்டுக்காரி இருக்கா.” உள்ளே ஒரு துறைத்தலைவரும் இருந்தார். அதை யாரும் குறிப்பிடவில்லை.

வாட்ச்மேன் ஏறி முடிப்பதற்குள் எனக்குக் கடமை நினைவுக்கு வந்தது.

“மாப்பிள்ளை, இதைப் புகார்னு பதிஞ்சிடாதீங்க. கேடயத்தைப் பிடுங்கிடுவாங்க. ‘நலம் விசாரிப்பு’ன்னு போடுங்க.”

“புகார்னே எழுதுங்க,” என்றாள் தங்கை. “பதிவேட்டுல இடம் இருக்கா?”

“முழுக்கக் காலி.”

“அப்ப எழுதிக்குங்க. ஒண்ணு, லிப்ட் நின்னுபோச்சு. ரெண்டு, லிப்டே இல்லாத ஊருக்கு லிப்ட் மெக்கானிக்கை அனுப்பியிருக்காங்க. மூணு, என் அண்ணன்.”

“அண்ணன் என்ன பண்ணார்னு எழுதட்டும்?”

“அண்ணன்னு மட்டும் எழுதுங்க. போதும்.”

எழுதும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு லிப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கி நாலாவது மாடியில் நின்றது. கதவு திறந்ததும் தங்கை படிக்கட்டு வழியாகப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுவாரமே மாப்பிள்ளை ராஜினாமா செய்துவிட்டு வந்து, மருந்துக்கடைக்குப் பக்கத்திலேயே சொந்தமாகப் பழுது பார்க்கும் கடை போட்டார். பழைய பத்து கட்டடக்காரர்களும் எங்களை விட்டுவிட்டு அவரிடம் போய்விட்டார்கள். முன்னேறத் தெரியாத மனிதர்கள்.

இயக்குநர் என்னை அழைத்தார். மேசைமேல் அந்தப் பதிவேடு.

“வடக்கு மண்டலத்துல மூணு புகார் வந்திருக்கு. அப்படின்னா அங்க வேலை இருக்கு. உடனே ஆள் வேணும். நீங்க போங்க.”

“அங்க ஒண்ணுமே இல்ல சார்!”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவரை அனுப்புறதுக்கு முன்னாடியே போய்ப் பார்த்துட்டு வந்தேன் சார்.”

“தெரிஞ்சும் சொந்தத் தங்கை புருஷனை ஏன் அனுப்பினீங்க?”

பதினோரு ஆண்டில் முதல் முறையாக எனக்குத் துறைமொழி வரவில்லை. “யாரையும் அனுப்பலன்னா என்னையே அனுப்பிடுவீங்கன்னுதான் சார்.”

இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னை அனுப்பிடக் கூடாதுன்னுதான்யா நான் இந்தத் துறையையே ஆரம்பிச்சேன்.”