மாதிரியின் மானம்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. இப்போதும் முழுதாக நம்புகிறேனா என்று கேட்டால் மழுப்பத்தான் தோன்றுகிறது. படித்த, பிள்ளைகுட்டி பெற்ற மனிதர்கள் இப்படிச் செய்வார்களா என்பது ஒரு சந்தேகம். செய்ய மாட்டார்கள் என்று நான் ஏன் நினைக்கிறேன் என்பது அதைவிடப் பெரிய சந்தேகம். சொன்னவர் என் தங்கையின் கணவர். கிருமி கண்டறியும் குழுவுக்குச் செயலாளராக இருந்தவர்.

குழு அமையக் காரணமே ஒருவகையில் என் தங்கைதான். சிறுநீர் எரிச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. குடலில் சாதுவாகக் குடியிருக்க வேண்டிய ஒரு கிருமி, எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அசையாமல் அவள் சிறுநீரகத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தது. அதே கிருமியோடு வார்டில் வாரத்துக்கு வாரம் ஆள் கூடியது. மிச்சமிருந்தது ஒரே ஓர் ஊசிமருந்து. அதுவும் கையிருப்பு கொஞ்சம்தான். இது தண்ணீரில் வருகிறதா, கறியில் வருகிறதா, கோழியிடமிருந்து வருகிறதா என்று யாராவது சொல்லுங்கள் என்று வார்டு டாக்டர் கெஞ்சினார். "குழாயைத் திறந்துவிட்டுட்டுத் தரையைத் துடைச்சா எப்பங்க காயும்?"

அரசாங்கம் விழித்துக்கொண்டது. குடிநீர், கால்நடை, உணவு, சுகாதாரம் என்று துறைக்கு ஓர் அதிகாரி. அவரவர் துறையில் அவரவரே மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் தகராறே வரவில்லை என்று மாப்பிள்ளை சொன்னபோதே நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

குடிநீர் அதிகாரி முந்திக்கொண்டார். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டி அனுப்பினார். ஆய்வுக்கூடத்து அம்மாள் ஏன் இப்படி என்று கேட்டதில் அவர் மனம் நொந்துபோனாராம்.

"மேலிடத்துக்குப் போற தண்ணிம்மா. அழுக்கோட அப்படியே அனுப்பினா துறைக்கு என்ன மரியாதை?"

குழுவுக்கு இந்த வாதத்தில் குறையே தெரியவில்லை. விருந்தாளி வந்தால் வீட்டைப் பெருக்குவதில்லையா என்றார் உணவு அதிகாரி. சொன்னதோடு நில்லாமல் இறைச்சி மாதிரியைப் பதமாக வேகவைத்து அனுப்பினார். உப்புகூடச் சரியாக இருந்ததாகக் கேள்வி. கால்நடை அதிகாரி கோழிக்கூண்டைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, தரை பளபளவென்று காய்ந்த பிறகே பஞ்சில் ஒற்றி எடுத்தார். வந்ததை வந்தபடி பரிசோதித்தால் போதும் என்று ஆய்வுக்கூடத்துக்கு அறிவுறுத்தப்பட்டது.

முடிவு வந்தது. தண்ணீரில் கிருமி இல்லை. இறைச்சியில் இல்லை. கோழியிடமும் இல்லை. குழு தன்னைத்தானே பாராட்டித் தீர்மானம் போட்டது. அந்த வாரம் என் தங்கைக்குப் பக்கத்துக் கட்டில் காலியாயிற்று. அதிலிருந்த பெண் வீட்டுக்குப் போகவில்லை.

டாக்டர் விடவில்லை. நோயில்லாத மனிதர்களின் மலத்தையும் பார்க்க வேண்டும் என்றார். சுகாதார அதிகாரிக்குத் தர்மசங்கடம். பொதுமக்களிடம் கேட்டால் எதற்கு என்பார்கள். எதற்கு என்று சொன்னால் பீதி பரவும். ஆகவே, பொதுநலன் கருதி, செயலாளர் உட்படக் குழுவினர் ஐவருமே தத்தமதைக் கொடுப்பதென்று ஒருமனதாக முடிவாயிற்று.

இங்கேதான் கண்ணியம் குறுக்கே வந்தது. ஊர்த் தண்ணீரையே காய்ச்சி அனுப்பியவர்கள், சொந்த வயிற்றை அப்படியே அனுப்புவார்களா?

"ஸ்ட்ராங்கா ஒரு ஆன்டிபயாடிக்கைப் போட்டு, வயித்தைச் சுத்தம் பண்ணிட்டுக் கொடுத்துடலாம்," என்றார் சுகாதார அதிகாரி. "எனக்குச் சளி பிடிச்சாலே அதைத்தான் போடுவேன்."

மருந்துக்கடையில் சீட்டு எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். மலம் வைத்த டப்பாவின் மேல் ஓர் அதிகாரியின் பெயரை எழுதுவது முறையல்ல என்பதால் பெயரும் விடப்பட்டது.

மாத்திரை தன் கடமையைச் செய்தது. சாகக்கூடிய கிருமியெல்லாம் செத்தது. சாகாத கிருமி மட்டும், போட்டியின்றித் தேர்வானவர் போலச் சௌகரியமாகப் பெருகியது. ஐந்து டப்பாக்களில் நான்கில் பொங்கி வழிந்தது. ஒன்றில் மட்டும் இல்லை.

குழு கலங்கவில்லை. இறுதி அறிக்கை இப்படி முடிந்தது: "மேற்படி கிருமி குடிநீரிலோ உணவிலோ கால்நடைகளிலோ காணப்படவில்லை. அது தற்போது உரிய அதிகாரிகளின் வசம் பத்திரமாக உள்ளது."

ஊர் அதைப் படித்து நிம்மதியடைந்தது. நானும்தான்.

தங்கை பிழைத்தாள், ஒரு சிறுநீரகத்தை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு. மாப்பிள்ளை இந்தக் கதையை எடுத்தாலே வீடு குலுங்கும். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் யோசிப்பேன். அந்த ஐந்து பேரில் அவள் குடித்த குழாயில் குடித்தவர், அவள் சமைத்ததைச் சாப்பிட்டவர் ஒருவர்தான். அவளுக்குக் கிருமி எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருக்கக்கூடிய வயிறு அது ஒன்றுதான்.

போன வாரம் அவள் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டேன்.

"மாப்பிள்ளை, அந்த மாத்திரையை நீங்களும் போட்டீங்களா?"