சினிமாவும் மாமியாரின் நீலச் செருப்பும்

சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதில் மசாகா டவுனிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு கிக்குண்டு சொல்கிறான். சொல்லச் சொன்னது நான், அது வேறு விஷயம்.

என் பெயர் லுப்வாமா. தொழில் சோபா செய்வது. கம்பாலா ரோட்டோரம் சிவப்பு வெல்வெட் போர்த்திக்கொண்டு சோபாக்கள் வரிசையாக வெயில் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதில் நன்றாக இருப்பதெல்லாம் என்னுடையது. இரட்டைப் பிள்ளைகளுக்குத் தகப்பன் என்பதால் ஊரில் என்னை ஸலோங்கோ என்றுதான் கூப்பிடுவார்கள். என் மனைவி நலுமான்சியை நலோங்கோ என்பார்கள். எங்கள் பக்கம் அது பெரிய பட்டம். ரோட்டில் போனால் நாலு பேர் வணக்கம் வைப்பார்கள். வீட்டு வாசப்படி வரைக்கும் அந்தப் பட்டம் செல்லும்.

எங்கள் ஊர் வீடியோ கொட்டகையில் படம் தனியாக ஓடாது. திரைக்குப் பக்கத்தில் மைக்கும் கையுமாக ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். சீனாக்காரன் வாயைத் திறந்தால் இவர் எங்கள் லுகாண்டா மொழியில் பேசுவார். அவன் "என் அப்பாவைக் கொன்றவனே!" என்று கத்துவான். இவர் "என் வாழைத்தாரைத் திருடினவனே!" என்பார். கொட்டகையே விழுந்து விழுந்து சிரிக்கும். அப்படிப் படம் பார்த்து வளர்ந்தவன் நான். கூடவே யாரும் பேசாத படம் எனக்கு உப்பில்லாத குழம்பு. ஆகவே வீட்டுக்கு டிவி வந்த அன்றே தீர்மானம் பண்ணிவிட்டேன். இந்த வீட்டில் படம் ஓடினால் கூடவே என் வாயும் ஓடும்!

அதற்காகவே ஒரு ஒற்றை நாற்காலி செய்தேன். கை வைக்கிற இடத்தில் டீக்கோப்பை உட்காரும். முதுகு சாய்ந்தால் தூக்கம் வராது, யோசனை வரும். சனிக்கிழமை மூணு மணிக்கு அதில் உட்கார்ந்தேன் என்றால் பென்டிரைவில் உள்ள நாலு படமும் என் அபிப்பிராயத்தோடுதான் முடியும்.

கதை ஆரம்பித்த சனிக்கிழமை, முதலில் ஒரு சீனப் படம். கதாநாயகன் ஒரே ஒரு முக்காலியை வைத்துக்கொண்டு நாற்பது பேரை அடிக்கிறான்.

"என் அபிப்பிராயம் என்னன்னா, படத்துக்கு ஹீரோ அந்த முக்காலிதான். நாப்பது மண்டையில விழுந்தும் ஒரு கால் ஆடலையே! எந்த ஆசாரி செஞ்சான்னு பேர் போட்டிருக்கணும்," என்றேன்.

நலுமான்சி பாயில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "அவன் என்ன சொன்னான்னே காதுல விழலை," என்றாள்.

"அவன் சொன்னதை விட நான் சொன்னது நல்லா இருந்துச்சு."

அடுத்து நைஜீரியாக்காரர்கள் படம். மூணு பாகம். பெரிய பங்களா, பணக்காரக் கிழவர் கொலை, ஒரு மணி நேரம் அழுகை.

"எழுதி வெச்சுக்கோ. கொலைகாரன் டிரைவர்தான்," என்றேன்.

"போன வாரப் படத்துலயும் டிரைவர்னீங்க. அந்த டிரைவரைத்தான் முதல்ல கொன்னாங்க."

"செத்த மாதிரி நடிச்சான்."

"குழி தோண்டிப் பொதைச்சாங்க!"

"அப்பேர்ப்பட்ட நடிகன்!"

மூணாவது இந்தியப் படம். மழையில் ஒரு பாட்டு, பனியில் ஒரு பாட்டு. பனியில் அவன் கோட்டும் மப்ளருமாக நிற்கிறான். அந்தப் பெண்ணுக்கு மெல்லிசாக ஒரு துணி. "இவன் எப்படிடீ நல்ல புருஷனா இருப்பான்? ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தரத் துப்பில்லை," என்றேன். திரும்பிப் பார்த்தால் நலுமான்சி கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னாச்சு?"

"அந்தப் பொண்ணு சாகப்போகுது. கொஞ்சம் அழ விடுங்களேன்."

"சாகமாட்டா. ஜலதோஷம்தான்."

செத்துப்போனாள். டைரக்டர் சரியில்லை.

நாலாவது படத்துக்கு முன்னால் நலுமான்சி டீ கொண்டுவந்தாள். எங்கள் பக்கம் மனைவி மண்டியிட்டுத்தான் கணவனுக்கு டீ கொடுப்பாள். அவ்வளவு மரியாதை. நலுமான்சியும் அப்படித்தான். தலையில் குட்டுவதென்றாலும் மண்டியிட்டுத்தான் குட்டுவாள்.

"ஸலோங்கோ, அம்மா ஊர்ல, கலிசிசோவுல, பொழுது போகாம உட்கார்ந்திருக்காங்க. சின்னதா ஒரு டிவி வாங்கிக் கொடுக்கலாமா?"

"உங்கம்மாவுக்கா? அவங்களுக்கு சினிமாவைப் பத்தி என்ன தெரியும்? படம் பாத்தா மட்டும் போதாதும்மா. அபிப்பிராயம் சொல்லத் தெரியணும்."

"சரிங்க," என்றாள்.

அவள் "சரிங்க" என்றால் நான் பயப்பட வேண்டும். அன்றைக்கு நாலாவது படத்தில் ராக்கெட் கிளம்பிக்கொண்டிருந்ததா, பயப்பட மறந்துவிட்டேன்.

நாலே நாளில் என் மாமியார் வந்து இறங்கினார். கண்ணாடி மாற்றவாம்.

மாமியார் வந்தால் உங்களுக்கு என்ன? ஒரு கோழி செலவு. எனக்கு அப்படி இல்லை. எங்கள் வழக்கத்தில் மருமகனும் மாமியாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கக் கூடாது. ஒரே அறையில் உட்காரக் கூடாது. எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் புதருக்குள் போக வேண்டும். அவர் உட்கார்ந்த இடத்தில் நான் உட்காரவே கூடாது. மீறினால் கை நடுக்கம் வந்துவிடும். என் பெரியப்பாவுக்கு வந்தது. மாமியார் உட்கார்ந்த முக்காலியில் தெரியாமல் உட்கார்ந்தாராம், சாகிறவரை டீயைச் சட்டையில்தான் குடித்தார். நானோ சுத்தியல் பிடித்துப் பிழைக்கிறவன். கை நடுங்கினால் சோபாவுக்கு ஆணி ஏறாது, என் விரலுக்குத்தான் ஏறும்.

மாமியாருக்குப் பின்பக்க அறையைக் கொடுத்தோம். அந்தப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கவில்லை. அவர் கூடத்தில் இருந்தால் வாசலில் அவருடைய நீலச் செருப்பு கிடக்கும். செருப்பைப் பார்த்தால் நான் வெளியே நின்றுவிட வேண்டும். நலுமான்சிதான் இந்த ஏற்பாட்டைச் சொன்னாள். நல்ல ஏற்பாடு என்று நானே அவளைப் பாராட்டினேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

சனிக்கிழமை மூணு மணிக்கு வந்தேன். வாசலில் செருப்பு. உள்ளே படம் ஓடுகிறது. நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஜன்னலில் கனமான திரை. கிக்குண்டு வேலியைத் தாண்டி வந்தான்.

"என்ன ஸலோங்கோ, இன்னிக்கு அபிப்பிராயம் கிடையாதா?"

"ஏன் கிடையாது? எனக்குப் படம் தெரியணும்னு அவசியமே இல்லை. சத்தம் போதும்."

உள்ளே டமால் என்றது. "பாலத்தை வெடி வெச்சுத் தகர்த்துட்டாங்க," என்றேன். கிக்குண்டு வாயைப் பிளந்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து நலுமான்சி குரல் வந்தது. "பானை மூடி கீழ விழுந்துச்சுங்க."

சற்று நேரத்தில் ஒரே அழுகை. "கேட்டியா, இதுதான் நடிப்பு! தொண்டையிலிருந்து வரலை, வயித்துலேர்ந்து வருது. இந்தப் பொண்ணு பெரிய ஆளா வரும்."

"அது உங்க பையன் காட்டோ," என்றாள் நலுமான்சி. "முழங்கால் சிராய்ச்சுக்கிட்டான். பின்னால வேலிகிட்ட நிக்கறான், போய்த் தூக்குங்க."

அடுத்த சனிக்கிழமை வந்தேன். செருப்பு. அதற்கடுத்த ரெண்டு சனிக்கிழமையும் செருப்பு. உள்ளே தெருப் பெண்கள் வேறு வந்து உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறார்கள், அழுகிறார்கள். நடுவில் பேச ஆளே இல்லை. எனக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. நான் செய்த நாற்காலி, நான் வாங்கிய டிவி, நான் மட்டும் வெளியே. சொல்லாத அபிப்பிராயம் நெஞ்சில் கட்டிக்கொண்டு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

"உங்கம்மா எப்ப ஊருக்குப் போறாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மாமியாரைப் போன்னு சொல்றீங்களா?"

"ஐயையோ! சும்மா கேட்டேன்."

"அப்படி ஒரு வார்த்தை ஊர்ல பரவினா உங்களுக்குத்தான் அசிங்கம். நீங்க வாசலைப் பாத்துட்டு வாங்க, போதும்."

இரண்டு வயசு இரட்டையர்களிடம் விசாரித்தேன். வாஸ்வா "ஜாஜா" என்று பாட்டியைக் கூப்பிட்டுவிட்டு ஆட்டுக்குட்டியைக் காட்டினான். காட்டோ என் மூக்கைக் காட்டினான்.

அப்போதுதான் என் மூளையில் அந்தத் திட்டம் உதித்தது. மாமியார் எதற்காக இங்கே இருக்கிறார்? டிவிக்காக. டிவி அங்கே போனால்? மாமியாரும் அங்கே போவார்! டிவி ரிப்பேர்காரன் ரொம்ப நாளாக ஒரு சோபாமேல் கண் வைத்திருந்தான். அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அவனிடமிருந்து ஒரு சின்ன டிவியை வாங்கினேன்.

"நலோங்கோ, நானே யோசிச்சேன். உங்கம்மாவுக்கு டிவி கொடுக்கணும்னு தோணுச்சு. சனிக்கிழமை காலையில நானே கொண்டுபோய் மாமனார்கிட்ட கொடுக்கறேன்."

நலுமான்சி மண்டியிட்டாள். கண் கலங்கிவிட்டது. "உங்க மனசு யாருக்குங்க வரும்! இனிமே அம்மா அந்த ஊரை விட்டு அசையவே மாட்டாங்க."

அதுதானே எனக்கு வேண்டும்! கிக்குண்டுவிடம் போய், "மூணு மணிக்கு வா. இன்னிக்கு உள்ளே உட்கார்ந்து பாக்கறோம்," என்று சொல்லிவிட்டு, டிவியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் டாக்ஸியில் ஏறினேன். வழி முழுக்க ஜன்னல் சீட்டுக்காரருக்கு அந்த இந்தியப் படத்தை எப்படி எடுத்திருக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் ரெண்டு ஊருக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டார்.

மாமனார் வீட்டு முற்றத்தில் ஒரு அம்மாள் குனிந்து காப்பிக் கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "ஆ!" என்று ஒரு சத்தம். துணியை முகத்தில் இழுத்துக்கொண்டு வாழைத் தோட்டத்துக்குள் ஒரே பாய்ச்சல். நானும் வழக்கப்படி டிவிப் பெட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். புதைத்த பிறகுதான் உறைத்தது. முகத்தை மூடிக்கொண்டு என்னைப் பார்த்து ஓடுகிற அம்மாள் உலகத்தில் ஒருத்தர்தான்!

மாமனார் சிரித்துக்கொண்டே வந்தார். "வாங்க மருமகனே. டிவியா? உள்ளே வைங்க."

"அவங்க... அவங்க எப்ப வந்தாங்க?"

"யாரு, எங்க வீட்டுக்காரியா? அவ வந்து மூணு வாரம் ஆச்சே. உங்க வீட்டுல ஒரு வாரம்தானே இருந்தா."

"செருப்பு?"

"பொண்ணு புதுசு வாங்கிக் கொடுத்தாளாம். பழசை இங்கயே வெச்சுட்டுப் போம்மா, எதுக்காவது உதவும்னாளாம்."

எனக்குப் பேச்சே வரவில்லை. எனக்கு! வாழைத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. "டிவிக்கு ரொம்ப சந்தோஷம்னு மருமகன்கிட்ட சொல்லுங்க. அந்த நைஜீரியாப் படத்துல கொலைகாரன் டிரைவர் இல்லை, டாக்டர்னும் சொல்லுங்க. முதல் பாகத்துலயே அவன் முழி சரியில்லை."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குள் வசனம் ஓடியது. மூணு வாரம்! வெறும் ரப்பர் செருப்புக்கு மரியாதை கொடுத்து மூணு வாரம் வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன்! இன்றைக்கு அவளை ஒரு கை பார்க்காமல் விடப்போவதில்லை. மூணு மணி அடிக்க வீட்டு வாசலுக்கு வந்தேன். கிக்குண்டு காத்திருந்தான். நீலச் செருப்பு ஜம்மென்று கிடந்தது. ஒரு உதை. ஒன்று முருங்கைக்குப் பக்கத்தில், இன்னொன்று கோழிக் கூண்டில்.

"ஸலோங்கோ!" என்று அலறினான் கிக்குண்டு. "மாமியார் செருப்புய்யா!"

"செருப்புதான்யா இருக்கு! வா என்கூட."

உள்ளே நலுமான்சியும் தெருப் பெண்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். புதுப் படம் ஆரம்பிக்கிற நேரம். என் நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் வெள்ளைப் பின்னல் துணி ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள்.

"நலுமான்சி! உங்கம்மாவை இப்பத்தான் பாத்தேன். அதாவது, பாக்கலை. ஓடறதைப் பாத்தேன்! மூணு வாரமா என்னை முட்டாளாக்கியிருக்கே!"

"நானா? அம்மா இங்க இருக்காங்கன்னு நான் ஒரு நாளாவது சொன்னேனாங்க?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

"இனிமே இந்த நாற்காலியை விட்டு என்னை எவனும் அசைக்க முடியாது! கிக்குண்டு, உட்காருடா கீழே. நலோங்கோ, டீ! படத்தைப் போடு!" என்று முழங்கிவிட்டு, திரும்பி நின்று, முழங்காலை மடக்கினேன்.

"தாராளமா உட்காருங்க," என்றாள் நலுமான்சி. "ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? அந்த முதல் வாரம் அம்மா எதுல உட்கார்ந்து படம் பாத்திருப்பாங்கன்னு நினைக்கறீங்க?"

பாதி உட்கார்ந்த நிலையில் அப்படியே நின்றேன்.

"பாயிலதானே?"

"அம்மாவுக்கு முழங்கால் வலின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"சுத்தி வளைக்காதே. இதுல உட்கார்ந்தாங்களா, இல்லையா?"

"நான் அடுப்படிக்கும் இங்கயுமா அலைஞ்சுக்கிட்டிருந்தேன். சரியாக் கவனிக்கலைங்க. இந்தத் துணி அம்மா பின்னினது, அது தெரியும். வேணும்னா அம்மாவையே கேட்டுட்டு வாங்களேன்."

எப்படிக் கேட்பேன்? மாமியார் எங்கே உட்கார்ந்தார் என்று வாழைமரத்திடமா விசாரிப்பது? பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிக்குண்டு என் கையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். லேசாக நடுங்குவது மாதிரி இருந்தது. மெல்ல முழங்காலை நிமிர்த்தி, ஓரடி தள்ளி நின்றுகொண்டேன்.

நலுமான்சி டீயோடு வந்து மரியாதையாக மண்டியிட்டாள்.

"இதுக்கு ஏங்க கவலைப்படறீங்க? உங்க கைக்கு ஒரு நாற்காலி பெரிய வேலையா? புதுசா ஒண்ணு செஞ்சுக்கோங்க. ஜன்னலுக்கு வெளியில போடறதுனால, மழைக்குத் தாங்கற துணியா மட்டும் பாத்துப் போடுங்க."