வராத கர்ப்பத்துக்கு அத்தாட்சி

இந்த நாட்டின் மக்கள்தொகையைக் குறைக்கும் பொறுப்பைத் திருவொற்றியூரில் ஒரு எனாமல் பாத்திரக் கம்பெனி மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டிருந்தது. அதற்கு அடையாளமாக கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சிவப்பு முக்கோணம் வரைந்து, கருத்தடையின் நன்மைகளைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு வாரத்தில் பர்சனல் ஆபீசர் செல்வநாதன் சட்டையில் முக்கோண பேட்ஜ் குத்திக்கொண்டு பேக்கிங் ஷெட்டுக்கு வந்தார்.

"நாட்டின் எதிர்காலம் உங்கள் கையில்தான் இருக்கிறது" என்றார்.

பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். வைக்கோல்தான் இருந்தது.

அவர்களில் ஒருத்தி மலர்க்கொடி. நெட்டுக்குப்பத்துக்காரி. புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவள். "இன்னொன்று வந்தால் நீ இருக்க மாட்டாய்" என்று சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கருத்தடை ஆபரேஷன் செய்ய உடம்பில் ரத்தம் போதாது. கருப்பைக்குள் லூப் வைத்தார்கள், ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துவிட்டார்கள். புருஷனுக்கு ஆபரேஷன் என்றதும் அவன் அன்றைக்குக் கடலில் வழக்கத்தைவிட வெகுதூரம் போனான். மிச்சமிருந்தது மாத்திரை ஒன்றுதான். அதை மாசாமாசம் கடையில் வாங்கித் தின்ன அவளுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் கம்பெனியில் மெடிக்கல் திட்டம் இருந்தது. சம்பளத்தில் பிடித்துக்கொண்டு மருந்து கொடுப்பார்கள்.

ஆகவே, ஆபீசர் பேசியதை உண்மை என்று நம்பிய ஒரே ஆளாக மலர்க்கொடி கம்பெனி டாக்டரிடம் போனாள்.

"உனக்கு என்ன வியாதி?" என்றார் டாக்டர்.

"வியாதி ஒண்ணும் இல்ல சார். கர்ப்பம் ஆவாம இருக்க மாத்திர வோணும்."

"இப்போ கர்ப்பமா இருக்கியா?"

"இல்ல சார்."

"வியாதியும் இல்லை, கர்ப்பமும் இல்லை. அப்புறம் எதுக்கம்மா மருந்து?"

"கர்ப்பமானா இன்னா சார் குடுப்பீங்கோ?"

டாக்டர் முகம் மலர்ந்தது. "எல்லாம் உண்டு. டானிக், ஊசி, பிரசவம், லீவு."

"செத்துட்டா?"

"ஈமச் செலவு உண்டு. ரொம்ப நல்ல திட்டம்மா இது."

மலர்க்கொடி யூனியனுக்குப் போனாள். செயலாளர் கஸ்பார் ராயபுரத்துக்காரர். மேனேஜரையே மேஜை தட்டிப் பேசுகிறவர். ஏழு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவர். அவள் சொன்னதைக் கேட்டதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்மா. ஃபாதர் காதுல வுழுந்தா இன்னா ஆவறது?"

"சந்தா வாங்கறப்போ பொம்பளையா ஆம்பளையான்னு பாத்தா வாங்கினீங்கோ, அண்ணாத்தே?"

அன்று சாயங்காலமே செயற்குழு கூடியது. குழுவில் எல்லாரும் ஆண்கள். கோரிக்கை நியாயமானது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கருத்தடை என்ற அந்த வார்த்தையை யூனியன் கொடிக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்பதில்தான் சிக்கல். 'குடும்ப சமாச்சாரம்' என்றார் ஒருவர். புருஷன் பெண்டாட்டி தகராறு என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார் இன்னொருவர். நெடுநேரம் விவாதித்து, 'பெண் தொழிலாளர்களுக்கு உரிய பாதுகாப்புச் சாதனங்கள்' என்று தீர்மானம் போட்டார்கள்.

நிர்வாகம் மறுபேச்சில்லாமல் சம்மதித்தது. கஸ்பாருக்கு மாலை போட்டார்கள். அடுத்த வாரம் பேக்கிங் ஷெட்டில் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வந்து சேர்ந்தது.

மலர்க்கொடி அதை எடுத்துக்கொண்டு யூனியன் ஆபீசுக்குப் போனாள்.

"இத யாரு மாட்டிக்கிறது அண்ணாத்தே? நானா, எங்க வூட்டுக்காரரா?"

கஸ்பார் சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் பேக்கிங் ஷெட்டில் ஒரு பெண்ணும் வைக்கோலைத் தொடவில்லை. பாத்திரம் மலையாகக் குவிந்தது. வேறு வழியில்லாமல் பேச்சுவார்த்தைக்கு மலர்க்கொடியையும் கூப்பிட்டார்கள். அவள் செல்வநாதன் முன்னால் நின்று அந்த வார்த்தையைப் பளிச்சென்று சொன்னாள். செல்வநாதன் தண்ணீர் குடித்தார்.

"இந்த வார்த்தையெல்லாம் ஆபீசில் பேசலாமா?"

"நீங்கதான் சார் செவுத்துல எழுதிக்கீறீங்கோ, ஆளு ஒசரத்துக்கு."

"அது சுவரம்மா. இது ஆபீஸ்." அவர் கோட்பாட்டுக்கு வந்தார். "திட்டம் என்பது நடந்ததுக்குக் கொடுப்பது. நீ நடக்காததுக்குக் கேட்கிறாய். மாத்திரை சாப்பிடாவிட்டால் உனக்குக் கர்ப்பம் உண்டாகியிருக்கும் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

"எங்க வூட்டுக்காரர் சொல்வாரு சார். கூட்டியாரட்டா?"

செல்வநாதன் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்.

மாத்திரைகள் வந்தன. டிஸ்பென்சரி அலமாரியில் பூட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். பெண்கள் ஷிப்டு முடிந்து கூட்டமாகப் போய் நின்றபோது கம்பவுண்டர் ரஷீது அலமாரியைத் திறந்து காட்டினான். காலி.

"எங்கள்ல ஒருத்திக்கும் குடுக்கலியே நைனா, எப்படித் தீந்துது?" என்றாள் மலர்க்கொடி.

ரஷீது குரலைத் தாழ்த்தினான். "பின்பக்கமா வந்து வாங்கிக்கினு பூட்டாங்க அக்கா. ஆபீசர் சாரு அவர் சம்சாரத்துக்கு. டாக்டரு அவர் வூட்டுக்கு. கஸ்பார் அண்ணாத்தகூட இந்த வெயில்ல மஃப்ளர் சுத்திக்கினு வந்தாரு அக்கா."

மற்றப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மலர்க்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. பஸ்ஸுக்கு நிற்காமல் எண்ணூர் ரோடு முழுக்க நடந்தே வீட்டுக்குப் போனாள். தூங்குகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தான் போய்விட்டால் இதுகளுக்கு யார் சோறு போடுவார்கள் என்று யோசித்தாள். கடவுள் புண்ணியத்தில் அந்த வாரமே பயம் தீர்ந்தது. பயம் தீர்ந்ததும் கோபம் வந்தது. ஷிப்டு மாறுகிற நேரமாகப் பார்த்து கேட்டில் நின்றுகொண்டாள்.

"பின்பக்கமா மாத்திர வாங்கினவங்க பேரு எனக்குத் தெரியும். நாளைக்கு எங்களுக்கு மாத்திர வரலன்னா, இதே எடத்துல நின்னு ஒவ்வொரு பேரா சொல்றேன்!"

மாத்திரை மறுநாளே வந்தது. அதுவும் தேவைக்கு இரண்டு மடங்காக.

ஒரு வருஷம் நன்றாகப் போயிற்று. மலர்க்கொடியின் உடம்பு தேறியது. பேக்கிங் ஷெட்டில் ஒரு பிரசவ லீவுகூட இல்லை. இந்தச் சாதனையைக் கூர்ந்து ஆராய்ந்த நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்தது. செல்வநாதன் ஷெட்டுக்கு வந்து வாசித்தார்.

"கடந்த ஆண்டில் எந்தப் பெண் தொழிலாளியும் கருவுறவில்லை என்பது மகிழ்ச்சியுடன் கவனிக்கப்படுகிறது. கருவுறாதவர்களுக்குக் கருத்தடை தேவையற்றது ஆதலால், திட்டம் இத்துடன் நிறுத்தப்படுகிறது."

"மாத்திர துன்னதாலதான் சார் ஆவல!"

"அதான் குணமாகிவிட்டதே! தேவை இருக்கிறது என்பதற்கு ஆதாரம் வரட்டும், மறுபரிசீலனை செய்யலாம்."

மலர்க்கொடி வைக்கோலை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். காலி அலமாரியைப் பார்த்த நாளிலிருந்து அவள் ஆபீசை நம்பவில்லை. இரண்டு மடங்கு வந்ததில் தன் பங்குக்கு மிஞ்சியதை அரிசிப் பானைக்குள் சேர்த்து வைத்திருந்தாள். மற்றப் பெண்களும் அப்படித்தான். சேர்த்து வைக்காமல், மாசாமாசம் பின்பக்கமாக வாங்கிக்கொண்டு கம்பெனியை நம்பி இருந்தவர்கள் வேறு ஆட்கள்.

ஆகவே ஆதாரம் பேக்கிங் ஷெட்டிலிருந்து வரவில்லை. முதலில் செல்வநாதனின் மனைவி ஆலிஸுக்கு மாங்காய் கேட்டது. பிறகு டாக்டர் வீட்டில். மழைக்காலம் வருவதற்குள் கஸ்பார் வீட்டிலும் எட்டாவது உறுதியாயிற்று. ஃபாதர் அவர் தோளைத் தட்டிப் பாராட்டினார்.

நிர்வாகம் உடனே கூடியது. திட்டம் மறுபடி உயிர் பெற்றது, ஒரே ஒரு திருத்தத்துடன்: தேவை நிரூபிக்கப்பட்ட குடும்பங்களுக்கு முன்னுரிமை. யூனியன் இதைத் தன் வெற்றியாக அறிவித்துப் பந்தல் போட்டது.

முதல் மாத்திரையைப் பெற்றுக்கொள்ள ஆலிஸ் அம்மாளை அழைத்தார்கள். மாசம் ஏறியிருந்ததால் மேடைப் படியில் அவருக்கு மூச்சு வாங்கியது. முன்வரிசையில் இருந்த மலர்க்கொடிதான் எழுந்து கைகொடுத்தாள்.

"பாத்து ஏறும்மா, ரெண்டு உசுரு."

கையில் மாத்திரையும் வயிற்றில் பிள்ளையுமாக அந்த அம்மாள் எல்லாருக்கும் நன்றி சொன்னார். டாக்டர் கைதட்டினார். கஸ்பார் கைதட்டினார். பெண்களும் தட்டினார்கள். மலர்க்கொடி எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள். திட்டம் நடக்க வேண்டுமே.