நடவுக்குப் போன மாடு

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: என் அம்மா, காது மந்தம். என் மனைவி சரோஜா. மகள் செல்வி. அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் அப்பா, ஒரத்தநாட்டுக்காரர், மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறகு நான். வாயைத் திறந்திருக்கக் கூடாத ஆள்.

அப்பா மலேயாவுக்குக் கப்பலேறியபோது நான் வயிற்றில். திரும்பி வரவில்லை. அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். நான் பிறந்தபின் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா? இந்த ஒன்றுதான் எனக்கு அறுபது வருஷ உறுத்தல். யாரிடமும் கேட்டதில்லை. (இல்லை என்று சொல்லிவிட்டால்?)

அவர் கடிதங்கள் எல்லாம் தாத்தா பெயருக்கு. தாத்தாவின் பெட்டி சித்தப்பா வீட்டுப் பரணில் கிடந்து அந்த வாரம்தான் எங்களிடம் வந்தது. சம்பந்தி ஆசைப்பட்டார்.

"படிங்க, கேப்போம்."

நான் அஞ்சாவது வரைதான். எழுத்துக் கூட்டினேன்.

'ஐயா அவர்களுக்கு, இங்கு நலம். கறுப்பி சுகமா? வேளைக்குத் தீனி தின்கிறதா?'

அடுத்ததிலும் கறுப்பி. அதற்கடுத்ததில், 'கறுப்பி கன்று ஈன்ற செய்தி கிடைத்தது. கன்று யார் சாயல் என்று எழுதவும்.'

எனக்கு ஏறிவிட்டது. சம்பந்தி முன்னால் என்றுகூடப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா! பெத்த புள்ளையக் கேக்கல. மாட்டக் கேட்டிருக்காரு. அதுக்குச் சாயல் வேற!"

"உம்பளச்சேரி ஜாதி மாடா இருக்கும்ங்க," என்றார் சம்பந்தி, சமாதானமாக. "மேல படிங்க."

'பச்சை உடம்பு. கறுப்பியை நடவுக்கு அனுப்ப வேண்டாம்.'

"உழவுக்குன்னு இருக்கும். நல்லாப் பாருங்க."

"இல்லைங்க. ந, ட, வு."

"மாடு எப்படிங்க நாத்து நடும்?"

நாற்பது வருஷம் விவசாயம் பார்த்தவன் நான். மாட்டாஸ்பத்திரிக்காரர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

நான் கத்தியது அம்மா காதிலும் விழுந்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நம்ம வீட்டுல ஏதுடா மாடு? கறுப்பி நான்டா. அப்படித்தான் கூப்புடுவாரு."

"அப்ப கன்னுக்குட்டி?" என்றாள் செல்வி.

"இந்தா ஒக்காந்து கத்துதே, இதுதான்."

சரோஜா சமையல்கட்டுக்குள் ஓடிவிட்டாள். (சிரிக்கத்தான்.)

அம்மா சொன்னாள்: "அப்பாவுக்கு எழுதுற கடுதாசில பொண்டாட்டி எப்படி இருக்கான்னு கேப்பாங்களா அந்தக் காலத்துல? மானம் போயிடும்."

"தாத்தாவுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியாம? 'மாடும் கன்னும் சுகம்'னு அவருதானே பதில் எழுதுவாரு."

தாத்தா சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த மனிதர், மகன் கூச்சப்படக் கூடாதென்று, இல்லாத மாட்டை வருஷக்கணக்கில் வளர்த்திருக்கிறார். கையிலிருந்த நீலக் கடிதத்தாளைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஏம்மா இத்தன நாள் சொல்லல?"

"நீ கேட்டியா?"

கல்யாணம் நன்றாக நடந்தது. சம்பந்தி இன்றும் போனில் முதலில் கேட்பது, "கறுப்பி சௌக்கியமா? கன்னு என்ன பண்ணுது?" செல்வி பக்கத்தில் இருந்தால், "முட்டுது மாமா" என்பாள்.

அன்று அவர் கிளம்பியபின் எல்லாக் கடிதங்களையும் எடுத்து உட்கார்ந்தேன். படித்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. கன்று என்று வரும் இடங்களை விரல்விட்டு எண்ணினேன்.

முப்பத்தேழு.