பிரிட்ஜில் ஒட்டிய கடிதம்

"'உங்கள் பிள்ளையின் எடை உயரத்துக்கு மிக அதிகம். இப்போதே கவனிக்காவிட்டால் பின்னாளில் இதயத்தைப் பாதிக்கலாம்.' பாத்தியா லீனா? பள்ளிக்கூட நர்ஸ் எழுதியிருக்காங்க!"

சமையல் மேடையில் கிடந்த கடிதத்தை உல்ரிக் மனைவியிடம் நீட்டினான். பெயரும் தேதியும் காப்பிக் கறையில் மறைந்திருந்தன. பள்ளியின் முத்திரை மட்டும் பளிச். எட்டு வயது மகள் தூவா அங்கேதான் படிக்கிறாள்.

"தூவாவா குண்டு? எதுக்கும் ஒரு போன் பண்ணிக் கேளேன்."

"கேட்டு? ஊரே சிரிக்கவா? எம்பொண்ணு நாளைக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காரக் கூடாது. அவ்வளவுதான்!"

நாற்பத்திரண்டு வயதில் அவனே தினமும் ரத்த அழுத்த மாத்திரை விழுங்குகிறவன். அது வேறு விஷயமாம்.

மறுநாளே காரை வீட்டில் விட்டுவிட்டு மகளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போனான். அவள் குதித்துக்கொண்டு போனாள். அப்பாவுக்குத்தான் மூச்சு வாங்கியது. திரும்பும் வழியில் பேக்கரியில் உட்கார்ந்தான். சும்மா உட்கார்ந்தால் மரியாதையா? இரண்டு ஏலக்காய் பன் உள்ளே போயின.

சனிக்கிழமை வந்தது. அந்த ஊர் வழக்கப்படி, வாரமெல்லாம் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அன்று ஒருநாள்தான் மிட்டாய். தூவாவின் பையில் பாதியை உல்ரிக்கே தின்றான்.

"அப்பா, அது என்னோடது!"

"உன் இதயத்துக்காகத்தான்டி கண்ணு."

அடுத்த சனி மிட்டாயே கிடையாது என்றான். தூவா அழுதுகொண்டு பக்கத்து வீட்டு இங்வாரிடம் போனாள். அவர் மனசு கேட்காமல் இரண்டு பை வாங்கிக் கொடுத்துவிட்டார். உல்ரிக் இரண்டையும் பிடுங்கி கராஜில் ஒளித்தான்.

அங்கே மென்றுகொண்டிருந்தவனை லீனா கையும் களவுமாகப் பிடித்தாள்.

"செவ்வாய்க்கிழமை மிட்டாயா? வெக்கமா இல்ல உனக்கு?"

"தூக்கிப் போட்டா வீண்தானே!"

ஒரே மாதத்தில் அவன் பேன்ட் பொத்தான் தெறித்தது. ஆனால் காலை நடை அப்பாவுக்கும் மகளுக்கும் ரொம்பவே பிடித்துப்போயிற்று. வழியெல்லாம் பேச்சும் சிரிப்பும்தான்.

ஞாயிறன்று காப்பிக்கு வந்த உல்ரிக்கின் அக்கா கரீன், பிரிட்ஜில் ஒட்டியிருந்த கடிதத்தைப் பார்த்து நின்றாள்.

"படிச்சுப் பாருக்கா, நம்ம தூவாவோட கதையை. ராத்திரி தூக்கமே வரல எனக்கு."

கரீன் படித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அட மண்டு! அம்மாவோட சமையல் புத்தகத்தைப் போன மாசம் உங்கிட்ட குடுத்தேனே, அதுக்குள்ள இருந்து விழுந்திருக்கும். நீ அதே பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸ் படிக்கிறப்போ உன்னைப் பத்தி அம்மாவுக்கு வந்த கடுதாசிடா இது!"